கலைச்சொல் தேவை: ரிதம் கிட்டார், செஷன் கிட்டாரிஸ்ட்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உரிய பெயர் கிடைக்காமல் போன கிட்டார்க் கலைஞர்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்களுக்காகப் பிரதி மேசையிலேயே கிடக்கிறது.

முதலாவது, ரிதம் கிட்டார். ஒருவர் பாடும்போதும் முன்னின்று வாசிக்கும்போதும் அதற்கு அடியில் சுரக்கூட்டுகளைக் காலம் பிசகாமல் மீட்டிக்கொண்டிருப்பது. பிரெடி கிரீன் 1937இல் கவுண்ட் பேசி ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்தார். ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, 1987இல் மறையும்வரை மின்பெருக்கி இல்லாத கிட்டாரில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். தனி வாசிப்பு என்பது அநேகமாகக் கிடையாது.

இரண்டாவது, செஷன் கிட்டாரிஸ்ட். பாடகர் யாராயினும் ஒலிப்பதிவில் வாசித்து, வேலைக்குரிய ஊதியம் பெற்றுக்கொள்பவர். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ராபர்ட் ஒயிட்டைச் சொல்லலாம். 1964இல் வெளியான 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் படிப்படியாக மேலேறும் கிட்டார் வரி, நம் காதுக்கு மோகன ஆரோகணமாகவே கேட்பது, அவருடைய கை. பாட்டைக் கேட்டவர் பல கோடி. வாசித்தவர் யார் என்று இசைத்தட்டின் உறை சொல்லவில்லை. அந்நிறுவனம் ஒலிப்பதிவுக் கலைஞர்களின் பெயர்களை உறையில் அச்சிடத் தொடங்கியது 1971இல்தான்.

இப்போதைக்குத் 'தாளக் கிட்டார்' என்றும் 'அமர்வுக் கிட்டார்க் கலைஞர்' என்றும் போட்டிருக்கிறேன். இரண்டும் உறுத்துகின்றன.

அன்புடன்,
கோ.

* * *

அன்புள்ள கோ.,

'அமர்வு' வேண்டவே வேண்டாம். கருத்தரங்கின் முற்பகல் அமர்வில் கிட்டாரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

'தாளக் கிட்டார்' என்பதில் எனக்கு உள்ள தடை வேறு. தாளம் என்று வடமொழி வழி வந்த சொல்லை ஆளுவதற்கு முன், நம்மிடம் உள்ளவற்றைப் பார்க்க வேண்டாமா? 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை வரிசைப்படுத்துகிறது. அங்கே பாணி என்பது தாளமே. ஆகவே 'பாணிக் கிட்டார்' என்பது என் பரிந்துரை. ரகர மெய்யில் முடியும் அயற்சொல்லுக்குப் பின் வல்லினம் மிகலாமா என்று யாரேனும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: நீர்க்குடம், தேர்ச்சக்கரம் மிகும்போது கிட்டார்க் கலைஞரும் மிகலாம்.

இ. ந.

* * *

ஐயா அவர்களுக்கு,

பாணி என்றால் இன்று மோஸ்தர், நடை என்றுதான் எல்லாரும் கொள்வார்கள். 'பிரெடி கிரீன் பாணிக் கிட்டார்' என்று எழுதிப் பாருங்கள். அவரைப் போல வேறு யாரோ வாசிக்கிறார் என்று ஆகிவிடும். ஆளே காணாமல் போவார். ஏற்கெனவே காணாமல் போனவர்களைப் பற்றிய நூல் இது.

மேலும், தாளம் வடசொல் என்பதை நான் ஒப்பவில்லை. தாள் என்றால் கால். காலால் தட்டி அளப்பதால் தாள் அம் சேர்ந்து தாளம் ஆயிற்று. தமிழிலிருந்து அங்கே போய்த் திரும்பி வந்த சொல்லைப் படியிலேயே நிறுத்தி வைப்பது முறையா?

மு.

* * *

மு. அவர்களே,

தாளம் கையால் தட்டுவது. காலால் தட்டுவதைக் காட்டி வேர் சொன்னால், கைக்கு என்ன வேர் சொல்வீர்கள்? பாணி என்பதற்கே கை என்று பொருள் உண்டு. அதனால்தான் அது தாளத்துக்கும் பெயராயிற்று. (பாணி என்பதும் வடசொல் என்று சிலர் கிளம்புவார்கள் என்பது தெரியும், அதைத் தனி இழையில் பார்த்துக்கொள்ளலாம்.) பாணி பிடிக்காவிட்டால் 'தூக்குக் கிட்டார்' என்று கொள்ளுங்கள். செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் தூக்கைச் சொல்கிறது.

இ. ந.

* * *

குழுவினருக்கு வணக்கம்.

தூக்குக் கிட்டார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிட்டார் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில், வேரைவிட வேலையைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ரிதம் கிட்டாரில் பாதி வேலை ஒலியை எழுப்புவது. மீதிப் பாதி அதை நிறுத்துவது. பாடகர் ஜேம்ஸ் பிரௌனின் 1965ஆம் ஆண்டுப் பதிவுகளில் அவருடைய கிட்டார்க் கலைஞர் ஜிம்மி நோலன் வாசிப்பதைக் கவனியுங்கள். வலக்கை ஓயாமல் மேலும் கீழும் போய்வருகிறது. இடக்கை விரல்கள் தந்தியை ஒரு கணம் அழுத்தி உடனே தளர்த்திவிடுகின்றன. தளர்த்திய கணங்களில் சுரம் இல்லை, சுரண்டும் ஓசை மட்டுமே. கோழி கிளறும் ஓசையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிரெடி கிரீனோ சுரக்கூட்டு முழுவதையும் விரலால் பிடித்திருப்பதுபோல் தெரிந்தாலும், பல இடங்களில் ஒரே தந்திதான் தெளிவாக ஒலிக்கும். மற்றவை அடங்கிக் கிடக்கும். அவ்வளவு பெரிய குழுவில் அவர் ஒலி தனியே காதில் விழாது என்பார்கள். அவர் நிறுத்தினால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே தாளம் என்ற சொல் வேலையில் ஒரு பங்கைத்தான் சொல்கிறது. சுரமும் மௌனமும் அதில் விடுபடுகின்றன. இருந்தாலும் 'தாளக் கிட்டார்' என்றால் மாணவர்களுக்கு உடனே விளங்குகிறது. அந்த ஒரு காரணத்துக்காக நான் அதோடு சமாதானமாகிவிட்டேன்.

வ.

* * *

வ. அம்மையாரின் மடல் கண்டு மகிழ்ந்தேன். அவர் சொல்லும் வேலைக்கு இளங்கோவடிகள் சொல் வைத்திருக்கிறார்.

'குழல்வழி நின்றது யாழே யாழ்வழித்
தண்ணுமை நின்றது தகவே'

ஒரு கருவி இன்னொன்றின் வழி நிற்கிறது. யாழே தந்திக் கருவிதான் என்பதையும் நோக்குக. ஆகவே 'வழிக் கிட்டார்' என்பேன். அடுத்த அடிகளில் வரும் ஆமந்திரிகை எத்தகைய கருவி என்பது பற்றி உரைகாரர் கூறுவதை ஒட்டி விரிவாக எழுத எண்ணம். வெள்ளிக்கிழமைக்குப் பின் எழுதுகிறேன்.

செ. அ.

* * *

செ. அ. ஐயா,

சொல் அழகு. ஆனால் மால்கம் யங் யார் வழி நின்றார்? 1973இல் தம்பி ஆங்கஸுடன் ஏசி/டிசி ராக் இசைக்குழுவைத் தொடங்கியவர் அவர். மேடை முழுவதும் ஓடியாடித் தனி வாசிப்பால் பெயர் வாங்கியவர் தம்பி. பின்னால், பெருக்கிகளின் பக்கத்தில் நின்று பாட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தியவர் அண்ணன். குழு முழுவதும் அவர் வழி நின்றது. 2017இல் அவர் மறைந்த பிறகுதான் பலர் அவர் பெயரை முதன்முறையாகப் படித்திருப்பார்கள். அவருக்கு 'வழிக் கிட்டார்' என்று பெயர் வைத்தால், நூல் எதை மறுக்க எழுதப்பட்டதோ அதையே நாம் கலைச்சொல்லாக்கி நிலைநிறுத்திவிடுவோம்.

இதே காரணத்தால் 'பக்கக் கிட்டார்', 'துணைக் கிட்டார்' எதுவும் வேண்டாம். தனிமடலில் ஒருவர் 'ஒத்துக் கிட்டார்' என்று எழுதியிருந்தார். நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவது உயர்ந்த கலைதான். ஆனால் 'ஒத்து ஊதுகிறவர்' என்று தமிழில் யாரையும் புகழ்ந்ததாக நான் கேட்டதில்லை.

மு.

* * *

அன்புள்ள அனைவருக்கும்,

செஷனை மறந்துவிட்டீர்கள். வருகைப் பேராசிரியர் இருப்பதுபோல் 'வருகைக் கிட்டார்க் கலைஞர்' என்று கொள்ளலாமா?

த.

* * *

த. அவர்களுக்கு,

ராபர்ட் ஒயிட்டுக்கு அது பொருந்தாது. அவரும் எடி வில்லிஸும் ஜோ மெசினாவும் டிட்ராய்ட்டில் அதே ஒலிப்பதிவுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் வாசித்தவர்கள். வந்து போனவர்கள் பாடகர்கள். வீட்டுக்காரரை விருந்தாளி என்பதா? 'பதிவுக் கலைஞர்' என்றால் பத்திரப்பதிவு நினைவுக்கு வருகிறது. 'ஒலிப்பதிவுக் கிட்டார்க் கலைஞர்' நீளம்தான், ஆனால் பிழையில்லை. பொருளும் தானே விளங்குகிறது.

வ.

* * *

அன்புள்ள குழுவினருக்கு,

நன்றி. வேறு மறுப்பு வராததால் 'ஒலிப்பதிவுக் கிட்டார்க் கலைஞர்' என்பதை எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்குத் 'தாளக் கிட்டார்' என்பதே பெரும்பான்மை என்று கொள்கிறேன். உற்சாகமான பெரும்பான்மை இல்லை என்பது தெரிகிறது. அதற்குள் இன்னொன்று முளைத்திருக்கிறது. கொங்கோ நாட்டு ரும்பா இசை பற்றிய கட்டுரையில் டாக்டர் நிக்கோவும் அவருடைய அண்ணன் டெஷோவும் வருகிறார்கள். 1960இல் வந்த 'அந்தெபாந்தான்ஸ் சா சா' பாட்டில் இருவரும் வாசித்தார்கள், புகழ் தம்பிக்கு. அந்த மரபில் முன்னணிக் கிட்டாருக்கும் தாளக் கிட்டாருக்கும் நடுவே 'மி-சோலோ' என்று மூன்றாவது கிட்டார் ஒன்று உண்டு. பாதித் தனி என்று பொருள். 'இடைக் கிட்டார்' என்று போடலாமா?

கோ.

* * *

அன்புள்ள கோ.,

'தாளக் கிட்டார்' என்பதற்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அச்சில் எப்படிப் போனாலும், குழுவின் சொற்பட்டியலில் அதன் அருகே 'பாணிக் கிட்டார்' என்பதையும் சேர்த்துவிடக் கோருகிறேன். கொங்கோ மரபே உங்கள் இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கவில்லை என்பதை மு. அவர்களும் கவனிக்க வேண்டும். தாளமும் முன்னணியும் மட்டும் என்று பிரித்ததால்தான் டெஷோ எங்கே நிற்கிறார் என்று இப்போது தேடுகிறோம்.

'இடைக் கிட்டார்' எனக்கு உடன்பாடே. ஆனால் இடையில் கட்டிக்கொள்ளும் கிட்டார் என்று யாரும் படித்துவிடாதபடி, அது முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

இ. ந.