பின்வேலியில் கிடக்கும் மந்தி: எங்கள் குடும்பக் குழுவில்

மீனாட்சி அத்தை: எல்லோரும் இந்தப் படத்தை உடனே பாருங்கள். பின்வேலி ஓரம் ஒரு பெரிய மந்தி வயிறு உப்பிக் கிடக்கிறது. இலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

செல்வம் சித்தப்பா: அந்தப் பேச்சு யாரிடம் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் எதையும் வைக்கவில்லை.

மீனாட்சி அத்தை: உன் பெயரை நான் சொல்லவே இல்லை, செல்வம்.

முரளி: அப்பாவின் மருந்துப் பெட்டியில் ஆன்டிபயாடிக் மாத்திரை மிச்சம் இருக்கிறது. பழத்துக்குள் வைத்துக் கொடுக்கட்டுமா?

கவிதா: வேண்டாம், முரளி. மாத்திரையும் வேண்டாம், பழமும் வேண்டாம். இலை தின்னும் மந்திகளின் இரைப்பை நம்முடையதைப் போல ஒற்றைப் பையாக இருப்பதில்லை. அது பல அறைகளாகப் பிரிந்திருக்கும். முன்னறைகளில் அமிலம் குறைவாக இருப்பதால் அங்கே பாக்டீரியாக்கள் பெருங்கூட்டமாகக் குடியிருந்து, பாலூட்டிகளின் சொந்த நொதிகளால் உடைக்க முடியாத செல்லுலோஸ் என்ற இலை நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. மந்திக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு அந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. ஆன்டிபயாடிக் இந்தக் கூட்டத்தை அழித்துவிட்டால், வயிறு நிறைய இலை இருந்தாலும் மந்தி பட்டினி கிடக்கும்.

சுந்தரம் பெரியப்பா: மாத்திரை சரி. பழம் என்ன செய்யும்? அதுவும் மரத்தில் விளைவதுதானே?

கவிதா: பெரியப்பா, இலை மெதுவாக நொதிக்கும். கனிந்த பழத்தில் உள்ள சர்க்கரையும் ரொட்டியில் உள்ள மாவுச்சத்தும் மிக வேகமாக நொதிப்பதால் அமிலமும் வாயுவும் ஒருசேரப் பெருகுகின்றன, நார்ச்சத்தை உடைக்கும் பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தைத் தாங்குவதில்லை. காட்டிலும் இந்த மந்திகளில் பல இனங்கள் கனிந்த பழத்தைவிடக் காயையும் விதையையுமே நாடுகின்றன. படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் விஷம் என்று ஒருவரைச் சுட்டுவதற்கு முன், காலையில் அது என்ன தின்றது என்று கேட்க வேண்டாமா?

மீனாட்சி அத்தை: அண்ணா, நீங்கள்தானே பழமும் ரொட்டியும் ஒரு தட்டு நிறைய வைத்தீர்கள்?

சுந்தரம் பெரியப்பா: அம்மா இருந்த காலத்திலிருந்தே வைக்கிறோம். அப்போது எதுவும் சாகவில்லை.

செல்வம் சித்தப்பா: அம்மா வைத்தது கிள்ளிய தழை, அண்ணா. ரொட்டி உங்கள் ஏற்பாடு.

முரளி: அக்கா, அப்படியென்றால் மந்தியும் மாட்டைப் போல அசை போடுமா?

கவிதா: பொதுவாக இல்லை. ஆனால் போர்னியோத் தீவில் இதே போன்ற வயிறுள்ள நீள்மூக்குக் குரங்குகள் விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மென்றதை ஆய்வாளர்கள் படம்பிடித்து 2011இல் வெளியிட்டார்கள். மாட்டோடு இன்னும் நெருங்கிய ஒற்றுமை ஒன்று உண்டு. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி நம் கண்ணீரிலும் இருக்கிறது. மாட்டிலும் மந்தியிலும் அது இரைப்பையில் வேலை செய்வதற்கேற்ப, தனித்தனியே, ஆனால் ஒரே விதமாக மாறியிருக்கிறது என்று 1987இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதனால் தங்கள் வேலையை முடித்த பாக்டீரியாக்களே பிறகு மந்திக்குப் புரதமாகின்றன. எனக்கு இதைவிட வியப்பான ஏற்பாடு வேறு தெரியாது.

செல்வம் சித்தப்பா: மாட்டைப் பிறகு பார்க்கலாம். இப்போது மந்தியை என்ன செய்வது? கொட்டகையில் வைத்துத் தேறும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன்.

கவிதா: வனத்துறை மருத்துவர் சொல்லாமல் கொட்டகைக்குக் கொண்டுபோகாதீர்கள், சித்தப்பா. வியட்நாமின் செங்கால் டூக் மந்திகளை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காட்டில் வாழ்ந்தவற்றின் குடலில் இருந்த பலவகை நுண்ணுயிர்கள், விலங்குக் காட்சிச்சாலையில் வாழ்ந்தவற்றில் பெருமளவு மறைந்திருந்தன. அவற்றின் இடத்தில் மனிதக் குடலில் மிகுந்திருக்கும் பிரிவோட்டெல்லா, பாக்டீராய்டீஸ் என்ற பாக்டீரியா வகைகள் ஓங்கியிருந்தன. காட்டில் ஒரு மந்தி உண்ணும் அத்தனை விதமான இலைகளையும் கொட்டகையில் நம்மால் கொடுக்க முடியாது.

முரளி: வயிற்றுக்கு நல்லதென்று விற்கிறார்களே, நல்ல நுண்ணுயிர் மாத்திரை, அதைக் கொடுத்தால்?

கவிதா: அது மனிதர்களுக்காகத் தேர்ந்தெடுத்த சில வகைகள் மட்டுமே, தம்பி. இலையைச் செரிக்கும் கூட்டம் அதில் இல்லை. மந்தி அதைத் தன் தாயிடமிருந்தும் கூட வாழ்பவற்றிடமிருந்தும் பெறுகிறது. கானாவில், இலை தின்னும் கருப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகளை ஆராய்ந்தபோது, அருகருகே இருந்து பழகுபவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. கூட்டத்திலிருந்து பிரித்தால் அந்த வழியும் அடைபடும்.

சுந்தரம் பெரியப்பா: ரொட்டியை நிறுத்திவிட்டால் அவை எதைத் தின்னும்? வேலியோர மரங்களை வெட்டியவனைக் கேள்.

செல்வம் சித்தப்பா: மறுபடியும் மரமா?

கவிதா: மரம்தான், சித்தப்பா, கோபிக்காதீர்கள். தான்சானியாவின் உட்சுங்வா மலைப்பகுதியில், சிதைந்த காட்டுத் துண்டில் வாழ்ந்த செங்கொலோபஸ் குரங்குகளின் குடல் நுண்ணுயிர் வகைகள், சிதையாத காட்டில் வாழ்ந்தவற்றைவிடக் குறைவாக இருந்ததை 2015இல் கண்டார்கள். மரவகை குறைந்தால் இலைவகை குறையும், இலைவகை குறைந்தால் வயிற்றில் வாழும் கூட்டமும் சுருங்கும். பெரியப்பா ரொட்டியை நிறுத்துவதும் நீங்கள் அந்த ஓரத்தில் பலவகைக் காட்டுமரங்களை மீண்டும் வளரவிடுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

செல்வம் சித்தப்பா: அதை நேரில் பேசலாம். இங்கே வேண்டாம்.

சுந்தரம் பெரியப்பா: ரொட்டியை நிறுத்துகிறேன். குட்டிகளுக்குக் கொஞ்சம் பழம் வைப்பதில் என்ன தவறு?

கவிதா: குட்டிகளுக்குத்தான் முதலில் நிறுத்த வேண்டும், பெரியப்பா. இலைக்கான கூட்டம் அவற்றின் வயிற்றில் அமைகிற பருவம் அது.

மீனாட்சி அத்தை: மருத்துவருடன் பேசிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார். யாரும் கிட்டே போகக் கூடாதாம். புதிய சாணம் தென்பட்டால் தொடாமல் அவருக்குக் காட்ட வேண்டுமாம்.

முரளி: சாணத்தை வைத்து என்ன தெரியும், அக்கா?

கவிதா: இலை எவ்வளவு செரித்திருக்கிறது என்று பார்ப்பார்கள், புழுமுட்டைகளைத் தேடுவார்கள். அதிலுள்ள நுண்ணுயிர்களின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் படிக்கவும் முடியும். அத்தை, காலையில் தட்டில் என்னென்ன வைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மீனாட்சி அத்தை: அண்ணாவே சொல்லட்டும். பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது?