பார்ட்டி மிக்ஸ் ஆல்பம்: டிராக் மாறும்போது பீட் தடுக்குகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 75 நிமிட டான்ஸ் மிக்ஸ் ஒன்றை 20 டிராக்காகப் பிரித்து ஆல்பமாக்க வேண்டும். நிற்காமல் ஓட வேண்டிய மிக்ஸ். ஆனால் டிராக் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் பீட் தடுக்குகிறது. ஆடுகிறவர்களின் கால் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

காரணம் தெரிந்ததுதான். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) கொண்ட துண்டுகளாகச் சேமிக்கும். ஒரு துண்டு சுமார் 26 மில்லிசெகண்ட். டிராக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஃபிளாக்கில் (ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃபைல் வகை) அந்தத் தொல்லை இல்லை. ஆடியோ சிடி என்றால் வெட்டும் இடம் 588 சாம்பிளின் மடங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயும் இடைவெளி விழும். பிளேயரில் கிராஸ்ஃபேடு (ஒரு டிராக் தேயும்போதே அடுத்ததை மேலே ஏற்றுவது) போடச் சொல்லாதீர்கள்; ஏற்கெனவே மிக்ஸ் ஆன பாட்டில் இரண்டு டிராக்கின் கிக் டிரம் அடியும் முன்பின்னாக விழுந்து குதிரைக் குளம்படி போல் கேட்கும்.

ஃபிளாக் எடுக்காத பழைய யூஎஸ்பி பிளேயரில் இதைத் தவிர்க்க வழி உண்டா? ஒரே நீள ஃபைலாகப் போட்டால் நடுவில் ஒரு பாட்டைத் தாண்ட முடியாது, பார்ட்டியில் அது கட்டாயம் தேவைப்படும்.

இன்னொன்று: 128 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) ஹவுஸ் டான்ஸ் இசையிலிருந்து 96-க்கு இறங்குவது. வேகத்தை இழுத்துக் குறைத்தால் குரல் கெட்டுவிடும். 128-இன் ஒரு பீட்டும் 96-இன் முக்கால் பீட்டும் ஒரே நீளம், 468.75 மில்லிசெகண்ட். அதனால் ஒரு பீட் எக்கோவைச் சுழலவிட்டு அதன்மேல் புதுப் பாட்டை எடுக்கலாம். இதைவிடக் கூட்டம் கலையாமல் இறங்கும் முறை தெரிந்தவர்கள், எத்தனை பார் (நாலு பீட் ஒரு பார்) விடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.