ரேடியோஹெட்டின் நீல 7 இன்ச் தட்டு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். 1997 மே மாதம் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் 'பேரனாய்டு ஆண்ட்ராய்டு' பிரிட்டனில் தனிப்பாடலாக வந்தபோது, இரண்டு சிடி, ஒரு 7 இன்ச் இசைத்தட்டு என்று பிரித்து வெளியிட்டார்கள். முதல் சிடியில் கூடுதலாக 'பாலிஎத்திலீன்', 'பேர்லி'. இரண்டாவதில் 'எ ரிமைண்டர்', 'மெலடோனின்'. நான்கும் வேண்டுமென்றால் இரண்டையும் வாங்கியே ஆக வேண்டும். ரசிகர்களுக்கு இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். சரி, சிடிகள் கிடைத்துவிட்டன.

தட்டு விஷயத்தில்தான் உங்கள் உதவி வேண்டும். பழைய தட்டு விற்பவர் ஒருவரிடம் அந்த நீல 7 இன்ச் வந்திருக்கிறது. உறையின் ஓரம் லேசாக மடிந்திருக்கிறது, தட்டில் கீறல் இல்லை. ஆனால் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டில் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டுமானால், ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தமும் குறையும். நடுவில் வேகம் தணிந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும் இடம் எனக்கு உயிர். அங்கே இரைச்சல் மேலெழுகிறதா? கேட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்துப் போட முடியுமா? அசல் பதிப்புதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.