ரேண்டம் வேபாயிண்ட்: நேரம் போகப் போக முடிவு மாறுவது ஏன்?

அலைவரிசை (கேள்வி):
என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் 50 நோடுகள் (நகரும் ரேடியோ கருவிகள்), 1000 மீட்டருக்கு 1000 மீட்டர் பரப்பு. நகர்வுக்கு ரேண்டம் வேபாயிண்ட் (ஒவ்வொரு நோடும் ஏதோ ஒரு இலக்கையும் வேகத்தையும் எடுத்து, போய்ச் சேர்ந்ததும் அடுத்ததை எடுக்கும் மாடல்), நடுவில் நிற்கும் நேரம் இல்லை, வேகம் நொடிக்கு 0.01 முதல் 20 மீட்டர். முதல் 100 நொடியில் பாக்கெட்டுகள் நிறையத் தொலைகின்றன. 900 நொடி ஓடவிட்டால், கடைசிப் பகுதியில் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. என் ரூட்டிங் புரோட்டோகால் (பாக்கெட்டுக்கு வழி தேடும் முறை) போகப் போகத் தேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நகர்வோன்:
வேண்டாம். தேறுவது புரோட்டோகால் இல்லை, நோடுகள் மெதுவாகிவிட்டன.

அதிக வேகம் கிடைத்த நோடு சட்டென்று இலக்கை அடைந்து அடுத்த வேகத்தை எடுக்கும். குறைந்த வேகம் விழுந்தது அதிலேயே மாட்டிக்கொள்ளும். நொடிக்கு 0.2 மீட்டர் விழுந்த ஒரு நோடைப் பாருங்கள்: 500 மீட்டர் போக அதற்கு 2500 நொடி வேண்டும். உங்கள் சிமுலேஷன் 900-லேயே முடிகிறது. இப்படி மாட்டியவை சேரச் சேர சராசரி வேகம் இறங்கும், நோடுகளுக்கு இடையே லிங்க் அறுவதும், அதனால் பாக்கெட் தொலைவதும் குறையும். யூன், லியு, நோபிள் என்ற ஆய்வாளர்கள் 2003-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். இன்னும் குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யத்தை ஒட்டி வைத்த ஆய்வுகள் வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வேகத்தை 1 முதல் 20 என்று மாற்றினாலும், 10.5-ல் தொடங்கும் சராசரி 6.3 பக்கம் வந்துதான் நிற்கும். அதனால் என்எஸ்-3-ல் இருக்கும் ஸ்டெடி ஸ்டேட் ரேண்டம் வேபாயிண்ட் மாடலைப் போடுங்கள். முதல் நொடியே நிலைபெற்ற வேகத்திலும் இடப்பரவலிலும் தொடங்கும். இடப்பரவலும் முக்கியம்: இந்த மாடலில் நோடுகள் ஓரத்தை விட்டு நடுப்பகுதியில் கூடும். பாக்கெட் போய்ச் சேருவதற்கு அதுவும் கைகொடுக்கும்.

அலைவரிசை:
தெளிவாகிவிட்டது, நன்றி. ஆனால் கடைசியில் எனக்கு வேண்டியது சாலையில் ஓடும் வண்டிகள். இதே மாடல் போதுமா?

சிக்னல்காரன்:
போதாது. வண்டி சாலையை விட்டு விலகாது, முன்னால் போகும் வண்டிக்குள் புகுந்து ஓடாது, சிவப்பு விளக்கில் கும்பலாக நிற்கும். அந்தக் கும்பலில் எல்லா வண்டிகளின் ரேடியோவும் ஒரே நேரத்தில் பேச, சேனல் நெரியும். பச்சை விழுந்ததும் கலையும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைச் சூமோ என்ற போக்குவரத்து சிமுலேட்டரில் ஏற்றி, வண்டிகளை ஓட்டி, வரும் டிரேஸை (நகர்வுப் பதிவை) பழைய என்எஸ்-2 சிமுலேட்டரின் வடிவத்துக்கு மாற்றினால் என்எஸ்-3 படித்துக்கொள்ளும்.

நகர்வோன்:
அதோடு கட்டடங்களையும் சேருங்கள். நகர்வு மட்டும் சாலையில், ரேடியோ மட்டும் வெட்டவெளியில் என்றிருந்தால், தெருமுனைக்கு அந்தப் பக்கம் மறைந்திருக்கும் வண்டியின் சிக்னலும் தடையில்லாமல் கேட்கும். சாலைச் சந்திப்பில் மோதலைத் தவிர்க்கும் செய்தியைச் சோதிக்கிறீர்கள் என்றால் அந்த முடிவை நம்பவே முடியாது.