குழாய் சூடாகும்வரை விசிறியை நிறுத்திவைக்கும் சுவிட்சுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

குளிர்நாடுகளுக்கு வேலைக்குப் போகும் ஏசி மெக்கானிக் மாணவர்களுக்கான பாடத்தில் யூனிட் ஹீட்டர் பகுதி நடக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் பெட்டி, உள்ளே வெந்நீரோ நீராவியோ ஓடும் காயில் (சுருள்குழாய்), பின்னால் விசிறி. இதற்கு 'விசிறிக்கணப்பு' என்று முடிவு செய்தாயிற்று. தெர்மோஸ்டாட்டை எல்லோரும் அறிந்த பெயரிலேயே விட்டுவிட்டோம். 'காற்றாடி' வேண்டாம் என்பதும் முடிந்த பேச்சு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காத்தாடி என்றால் மாடியில் விடுகிற பட்டம்தான்.

மிச்சமிருப்பது தலைப்பில் சொன்ன சுவிட்ச், அதாவது அக்வாஸ்டாட். வரைவில் 'நீர்நிலைப்பி' என்று இருக்கிறது. படிக்கிறவர் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவி என்றே எடுத்துக்கொள்வார். இது செய்யும் வேலையோ வேறு.

கட்டுப்பாட்டு முறைகள் முக்கியமாக மூன்று. ஒன்று: காயிலில் வெந்நீர் எந்நேரமும் ஓடும், அறைத் தெர்மோஸ்டாட் விசிறியை மட்டும் ஓட்டி நிறுத்தும். செலவு குறைவு, ஆனால் விசிறி நின்றபின்னும் காயிலின் சூடு மேலெழும்பிக் கூரையடியில் தங்கிவிடும். இரண்டு: விசிறி எப்போதும் ஓடும், தெர்மோஸ்டாட் வால்வைத் திறந்து மூடும். அறைச்சூடு ஒரே சீராக இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது கீழே நிற்பவர்மேல் சூடில்லாத காற்று அடிக்கும், மின்செலவும் கூடும். மூன்று: வால்வு, விசிறி இரண்டையும் தெர்மோஸ்டாட் ஆளும், ஆனால் குழாய் சூடானபிறகே விசிறி கிளம்பும். அந்த 'சூடானபிறகே' என்பதைச் செய்வதுதான் இந்தச் சுவிட்ச். 'குழாய்த் தெர்மோஸ்டாட்' போதுமா?

— தண்டையார்பேட்டை, பாடம் தொகுப்பவர்

*

வணக்கம் ஐயா,

போதாது. அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அந்தப் பெயர் சொல்கிறது. மாணவர் பிழை செய்யப்போவது எப்படி வேலை செய்கிறது என்பதில். அறைத் தெர்மோஸ்டாட் சூடு குறைந்தால் சேரும், அதாவது மின்சுற்றை இணைக்கும். இது சூடு ஏறினால் சேரும். இரண்டையும் தொடரிணைப்பில் போட்டு, விசிறி மோட்டாருக்கு மின்சாரம் சேர்க்கும் கான்டாக்டரின் மின்காயிலுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு, அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் கட்டாயம். நம் மாணவர் கைப்பழக்கம் ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட். அதுவும் சூடு ஏறினால் சேருவது. இரண்டுக்கும் தெர்மோஸ்டாட் என்றே பெயர் வைத்தால் இடம் மாற்றிப் பூட்டிவிடுவார். அப்புறம் குழாய் குளிர்ந்திருக்கும்போது விசிறி ஓடும், சூடானதும் நிற்கும்.

வேலையைச் சொல்லும் பெயராக 'இசைவி' என்று முன்வைக்கிறேன். சூடு வந்துவிட்டது, இனி ஓடலாம் என்று விசிறிக்கு இசைவு தருவது. 'இசைவாளி' என்றும் யோசித்தேன். 'வாளி' காதில் விழுவதால் விட்டுவிட்டேன்.

பூட்டும் விதத்தையும் பாடத்தில் விரித்து எழுதுங்கள். குழாயின் பெயின்ட், துரு இரண்டையும் சுரண்டி உலோகம் தெரியவேண்டும். நேர்க்குழாயில், சுவிட்சின் பட்டையை இறுக்கிக் கட்டவேண்டும். இன்சுலேஷன்மேல் கட்டவே கூடாது. பட்டை தளர்ந்தால் குழாயின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகத்தான் சுவிட்ச் உணரும். விசிறி தாமதமாகக் கிளம்பி முன்கூட்டியே நிற்கும். வெந்நீருக்கு 40 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் அமைப்பது வழக்கமான தொடக்கம். பூட்டும் இடம், வால்வு இருந்தால் அதற்கு அடுத்து, காயிலுக்குள் நுழையும் குழாயில். நீராவிக்கு இடம் வேறு: காயிலுக்கும் ஸ்டீம் ட்ராப்புக்கும் (நீராவியைத் தடுத்து, குளிர்ந்து நீரானதை மட்டும் வெளியே விடுவது) நடுவே, திரும்பும் குழாயில். காற்று வெளியேறி நீராவி காயில் முழுக்க நிறைந்தால்தான் அந்தக் குழாய் சூடாகும். ட்ராப் மூடியபடி பழுதானால் காயிலில் நீர் தேங்கி அந்தக் குழாய் குளிர்ந்தே கிடக்கும், விசிறியும் ஓடாது. அப்போது இசைவியைக் கழற்றி மாற்றுவது வீண். முதலில் ட்ராப்பைப் பார்க்கவேண்டும்.

— திருவொற்றியூர், பேனல் வயரிங்

*

அண்ணே, சொல் நன்றாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்.

நம் ஊர் ஃபேன் காயில் யூனிட் (குளிர்நீர் ஓடும் காயிலும் விசிறியும் உள்ள ஏசிப் பெட்டி) பழகியவர்கள் முதல் முறையைப் பார்த்ததும் தவறென்று சொல்வார்கள். சென்னைக்கு அவர்கள் சொல்வது சரியும்கூட. 7 டிகிரி குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க விசிறி மட்டும் நின்றால் பெட்டி முழுவதும் வியர்க்கும். கடற்கரைக் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டளவு) ஈரமான மாதங்களில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே போன எந்தத் தகட்டிலும் நீர் கோக்கும், ஃபால்ஸ் சீலிங்கில் கறை படியும். அதனால் இங்கே விசிறி நின்றால் வால்வும் மூடவேண்டும். கணப்பில் வியர்வை இல்லை, கூரையடியில் சூடு வீணாவதுதான் உண்டு. இந்த வேறுபாட்டை ஒரு பெட்டிச்செய்தியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் இங்கே படித்ததை அங்கே மாட்டுவார்.

— பெரம்பூர், கட்டடப் பராமரிப்பு

*

அன்புடையீர்,

'இசைவி' என்றதும் பாட்டுக் கருவி நினைவு வரும் என்று சிலர் தயங்கலாம். 'இசைவாணை', 'இசைவு தெரிவித்தல்' அலுவலகக் கடிதங்களில் நாள்தோறும் வருவன. அந்தப் பொருள் இறந்துவிடவில்லை. முதல் இடத்தில் 'குழாய்ச்சூட்டு இசைவி', பிறகு 'இசைவி' என்று எழுதினால் குழப்பம் இராது. நான் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சொல்லையும் இப்போதே தீர்த்துவிடலாம். எரிவாயுக் கணப்பில் பர்னர் அணைந்தபின் ஒன்றிரண்டு நிமிடம் விசிறி ஓடவேண்டும். வரைவில் 'பின்னோட்டம்' என்று இருக்கிறது. மோட்டார் திசைமாறிச் சுற்றுவதாக அர்த்தமாகிவிடும். 'தணிப்போட்டம்' என்று வைக்கலாமா?

— ராயபுரம், மெய்ப்பு பார்ப்பவர்

*

நன்றி அம்மா. இசைவி, தணிப்போட்டம் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். பாடவரி இப்படி:

"எரிவாயுக் கணப்பில் பர்னர் பற்றியதும் விசிறி கிளம்பாது, வெப்பமாற்றி (தீயின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் பகுதி) சூடேற, மாடலைப் பொறுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். தெர்மோஸ்டாட் எரிவாயு வால்வின் சுற்றை மட்டும் துண்டிக்கவேண்டும். கணப்புக்கு வரும் மொத்த மின்சாரத்தையும் அது துண்டித்தால் தணிப்போட்டம் நடக்காது. சூடு உள்ளேயே தேங்கி, சூடு மிஞ்சினால் துண்டிக்கும் மேல்வரம்புச் சுவிட்ச் துண்டித்துவிடும், நாளடைவில் வெப்பமாற்றியும் விரிசல் விடும். தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், உட்சுவரில், கணப்பின் காற்று நேராகப் படாத இடத்தில் பொருத்துக."

வெயில் படும் சுவர், ஷட்டர் கதவின் ஓரம் இரண்டும் கூடாது என்பதையும் சேர்க்கிறேன். பெரம்பூர் நண்பர் கேட்ட பெட்டிச்செய்தி முதல் முறைக்கு நேர் கீழே வரும்.

— தண்டையார்பேட்டை