கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கும் பேக்கப்புக்கும் எந்த போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்கறது? இருக்கறது திடீர்னு கட் ஆகுது, அவசர உதவி வேணுங்க

கொங்கு கேமரா:
வணக்கமுங்க. ஈரோடு பக்கம் கல்யாண வீடியோ எடுத்து நானே எடிட் பண்ணிக் குடுக்கறேன். சோனி ஏ7 III ரெண்டு வெச்சிருக்கேன், ரெண்டுலயும் 4கே 100 எம்பிபிஎஸ் தான். மூணு வருசமா 1டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ஒண்ணு ஓடுது, கார்டுலருந்து அதுலதான் காப்பி போடறது, அதுலயேதான் டைம்லைன் ஓட்டறது, டெலிவரி முடியற வரைக்கும் எல்லாமே அதுலயேதான் கெடக்கும். ஒரு மாசமா எடிட் பண்ணிட்டிருக்கறப்பவே திடீர்னு கட் ஆகி மீடியா ஆஃப்லைன்னு செவப்பா வருது, கழட்டி மாட்டுனா திரும்ப வந்துரும், அதனால பெருசா எடுத்துக்காம விட்டுட்டேன். நேத்து ராத்திரி புதுக் கல்யாணம் ஒண்ணு காப்பி போட்டுட்டிருக்கறப்ப மறுபடி போச்சு, இந்தவாட்டி மாட்டுனா ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குதுங்க. புதுக் கல்யாணம் கார்டுல பத்திரமா இருக்கு. ஆனா போன மாசம் எடுத்த ஒரு கல்யாணம் பாதி எடிட்ல அதுக்குள்ளதான் இருக்கு, அந்தக் கார்டை ஃபார்மேட் பண்ணி வேற விசேஷத்துக்கு யூஸ் பண்ணிட்டேன். 20ந்தேதி டெலிவரின்னு பொண்ணு வீட்ல சொல்லியிருக்கேன், ராத்திரி பூரா தூக்கமே இல்லைங்க. அடுத்து எந்த எஸ்எஸ்டி வாங்கறதுன்னும் சொல்லுங்க, சாம்சங் டி7 ஷீல்டு, டி9, க்ரூஷியல் எக்ஸ்9 ப்ரோ மூணையும் பார்த்து வெச்சிருக்கேன், 2டிபி.

சர்வீஸ் டேபிள்:
சார் மொதல்ல அந்த ஃபார்மேட் பாக்ஸ்ல கேன்சல் குடுத்து டிரைவ கழட்டி வைங்க. குயிக் ஃபார்மேட்தானேன்னு நெனச்சு ஓகே குடுத்துடாதீங்க, எஸ்எஸ்டில ஃபார்மேட் பண்றப்ப விண்டோஸ் ட்ரிம் கமாண்ட் அனுப்பும், அது டிரைவுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னா அந்த எடமெல்லாம் காலின்னு கன்ட்ரோலர் தொடச்சுடும், அப்புறம் எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஹார்ட் டிஸ்க்ல ஃபார்மேட் ஆனத மீட்ட அனுபவத்த இங்க நம்பிடாதீங்க. விண்டோஸ்ல டிரைவ சரி பண்ற செக் டிஸ்க்கும் இப்ப வேணாம், அது தனக்குப் புரியாத ஃபைலயெல்லாம் துண்டு துண்டா ஒதுக்கி வச்சுடும். புது எஸ்எஸ்டி எதுன்னு நாளைக்குக் கூட பேசிக்கலாம்.

இதுக்கு பதில் சொல்லுங்க. டிரைவ் நேரா லேப்டாப்லயா மாட்டறீங்க, ஹப் வழியாவா? கேபிள் டிரைவ் கூட வந்த கேபிள்தானா? காப்பி போடறப்ப ஸ்பீடு எவ்ளோ காட்டுது? டிரைவுல ஃபைல அடுக்கி வைக்கற முறை எக்ஸ்ஃபேட்டா என்டிஎஃப்எஸ்ஸா?

கொங்கு கேமரா:
கேன்சல் குடுத்துட்டேனுங்க. ஹப் வழியாத்தான், லேப்டாப்ல போர்ட் பத்தல, அந்த ஹப்புலயே கார்டு ரீடர், மவுஸ் டாங்கிள், எஸ்எஸ்டி மூணும் இருக்கும். கூட வந்த கேபிள் கழுத்துகிட்ட நஞ்சு போய் டேப் சுத்தி வெச்சிருந்தேன், ரெண்டு மாசம் முன்னாடி அதுவும் போச்சு, இப்ப ஃபோன் சார்ஜர் கேபிள்தான். ஸ்பீடு முன்னெல்லாம் 400க்கு மேல வரும், இப்ப 40 தாண்ட மாட்டேங்குது, டிரைவுக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன். எக்ஸ்ஃபேட்.

சர்வீஸ் டேபிள்:
40ன்னு சொன்னதுலயே பாதி வெளங்கிடுச்சு சார். ஃபோன் கூட வர்ற நெறைய டைப்-சி கேபிள்ல யுஎஸ்பி 2.0 வயரிங் மட்டும்தான் இருக்கும், 480 மெகாபிட், நடைமுறைல செகண்டுக்கு 40 எம்பி கிட்டதான் வரும். டிரைவுக்கு வயசானா இவ்ளோ கரெக்டா 40ல வந்து நிக்காது. அடுத்தது ஹப். யுஎஸ்பி 3 போர்ட் ஒண்ணு 5 வோல்ட்ல 900 மில்லி ஆம்ப் குடுக்கணும்ங்கறது கணக்கு, அதாவது நாலரை வாட். தனி பவர் அடாப்டர் இல்லாத ஹப்புல அந்த நாலரை வாட்டத்தான் கார்டு ரீடரும் எஸ்எஸ்டியும் பங்கு போட்டுக்கும், எழுதறப்பதான் எஸ்எஸ்டி அதிகமா கரண்ட் இழுக்கும், அந்த நேரம் வோல்டேஜ் எறங்குனா டிரைவ் ரீஸ்டார்ட் ஆகும். கார்டுலருந்து காப்பி போடறப்ப போச்சுன்னு நீங்க சொன்னது இதுக்குப் பொருந்துது. விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல 157ங்கற நம்பர் இருக்கான்னு பாருங்க, டிஸ்க் திடீர்னு புடுங்கப்பட்டுச்சுன்னு அர்த்தம்.

டிரைவுக்குள்ள சிப் நல்லாவே இருக்கலாம். எழுதிட்டிருக்கறப்ப கட் ஆனதுல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கற எக்ஸ்ஃபேட்டோட அட்டவணை கெட்டுப் போயிருக்கும். எக்ஸ்ஃபேட்ல ஜர்னல் கெடையாது, பாதில நின்ன வேலைய திரும்பிப் பாத்து சரி பண்ணிக்க அதுக்கு வழி இல்ல. நீங்க விண்டோஸ் மட்டும்தான் யூஸ் பண்றீங்கன்னா புது டிரைவ என்டிஎஃப்எஸ்ல போடுங்க.

இப்ப செய்ய வேண்டியது: 10 ஜிபிபிஎஸ்னு போட்ட டேட்டா கேபிள் ஒண்ணு வாங்கி நேரா லேப்டாப் போர்ட்ல மாட்டுங்க, ஹப்ப தொடாதீங்க. காலியா இருக்கற பெரிய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வேணும், பென்டிரைவ்ல உபுண்டு பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கற காப்பி எடுக்கற டூல் வச்சு எஸ்எஸ்டி முழுசயும் ஒரே இமேஜ் ஃபைலா அதுல எடுத்துடுங்க, ரெக்கவரிய அந்த இமேஜ் மேல ஓட்டுங்க, ஒரிஜினல்ல கை வைக்காதீங்க. எதுலருந்து எதுக்குங்கறத மாத்திக் குடுத்துட்டா அழிஞ்சுடும், அதனால டிஸ்க் சைஸப் பாத்து ரெண்டு தடவ உறுதி பண்ணுங்க. தனியா பண்ண பயமா இருந்தா தெரிஞ்ச ஆள பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணுங்க, இதுல அவசரப்படறதுக்கு ஒண்ணுமில்ல.

வைகைக்கரை எடிட்டர்:
அண்ணே நான் மதுரைல ஸ்டூடியோ ஒண்ணுல எடிட் பண்ணிக்கிட்டு இருக்கேன், எங்க ஸ்டூடியோவுலயும் இதே மாதிரி ஒரு காதுகுத்து வீடியோ மாட்டிக்கிச்சு, அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். நீங்க கேட்ட டிரைவ் விஷயத்துக்கு நான் சொல்றேன்.

மொதல்ல உங்களுக்கு எவ்வளவு வேகம் வேணும்னு கணக்குப் பாருங்க. 100 எம்பிபிஎஸ்ங்கிறது மெகாபிட், எட்டால வகுத்தா செகண்டுக்கு 12.5 எம்பி தான், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமராவும் அஞ்சு அஞ்சு மணி நேரம் ஓடுனா 450 ஜிபி. மல்டிகேம்ல ரெண்டும் சேந்து ஓடுனாலும் 25 எம்பி தாண்ணே, அதுக்கு 2000 எம்பி ஓடுற டிரைவ் எதுக்கு? காப்பி போடயில கூட உங்க கார்டு யுஎச்எஸ்-1ன்னா 90 எம்பி பக்கம்தான் படிக்கும், 450 ஜிபிக்கு எப்படியும் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும், டி9 வாங்குனாலும் அதேதான் டி7 வாங்குனாலும் அதேதான். டி9ல 2000 வரணும்னா லேப்டாப்ல ஜென் 2x2ன்னு 20 ஜிபிபிஎஸ் போர்ட் இருக்கணும், அது ரொம்ப லேப்டாப்ல இருக்காது, இல்லாத போர்ட்ல மாட்டுனா 1000ல தான் நிக்கும். அந்தக் காச ஹார்ட் டிஸ்க்ல போடுங்க.

வேகத்த விட முக்கியமானது, முன்னூறு நானூறு ஜிபி தொடர்ந்து எழுதுனாலும் மூச்சு வாங்காம இருக்கணும். டப்பால போட்டிருக்கிற ஸ்பீடு, கேஷ்ங்கிற தற்காலிக வேக எடம் காலியா இருக்கயில வர்ற ஸ்பீடு, கியூஎல்சிங்கிற மெதுவா எழுதுற சிப் போட்ட டிரைவ்ல அந்த கேஷ் நிறைஞ்சதும் சடார்னு எறங்கிரும், டிரைவ் முக்கால்வாசி நெறஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமே எறங்கும். க்ரூஷியல்ல எக்ஸ்9 வேற, எக்ஸ்9 ப்ரோ வேற, வெறும் எக்ஸ்9 கியூஎல்சி, ப்ரோ அத விட வேகமா எழுதுற டிஎல்சி, பேரு ஒரே மாதிரி இருக்குறதால கடைல மாத்திக் குடுத்துருவாங்க, டப்பாவ பாத்து வாங்குங்க. ப்ரோவுக்கு 5 வருஷ வாரண்டி, டி7 ஷீல்டுக்கு 3 வருஷம். ஆனா மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் வியாபாரத்த நிறுத்துறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சிருச்சு, வாங்குனதுக்கு வாரண்டி உண்டுன்னு சொல்லியிருக்காங்க, இருந்தாலும் மண்டபத்துல தூக்கிக்கிட்டு அலையிற ஆளுக்கு நான் டி7 ஷீல்டு தான் சொல்லுவேன், ரப்பர் ஒறை போட்டு ஐபி65, தண்ணி தெளிச்சாலும் தாங்கும், நம்மூரு மண்டபத்துல பந்தி நடக்குற எடத்துக்குப் பக்கத்துலதான நமக்கு டேபிளே போட்டுக் குடுக்குறாங்க.

பிராண்ட் பேர மட்டும் நம்பிறாதீங்க. 2023ல சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம், எக்ஸ்ட்ரீம் ப்ரோ வரிசைல சில டிரைவ் டேட்டாவோட போகுதுன்னு உலகம் பூரா புகார் வந்து, அப்ப சான்டிஸ்க்க வச்சிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது டிரைவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேருக்கு அப்டேட் விட்டாங்க. நல்ல பேரு எடுத்த கம்பெனிக்கே அந்த நிலமன்னா எதையும் ஒண்ண மட்டும் நம்பக் கூடாதுண்ணே. எது வாங்குனாலும் அன்னைக்கே ஃபர்ம்வேர் அப்டேட் பாருங்க. வாரண்டில புது டிரைவ் குடுப்பாங்க, தாலி கட்டுன கிளிப்ப யாரு குடுப்பா?

புதுசா வந்தவன்:
லேப்டாப்புக்குள்ள போடற என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி என்க்ளோஷர்னு வெளி டப்பால போட்டா சீப்பா வருமே ப்ரோ, ஏன் யாரும் சொல்லல?

சர்வீஸ் டேபிள்:
வரும், தப்பில்ல, ரியல்டெக் 9210பி சிப் போட்ட என்க்ளோஷர் நானே வச்சிருக்கேன். சூடு அதிகம், சில எஸ்எஸ்டி கரண்டும் அதிகமா இழுக்கும், கோளாறு வந்தா என்க்ளோஷரா டிரைவான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். கைல 20ந்தேதி டெலிவரி வச்சிருக்கறவருக்கு இப்ப சொல்ல மாட்டேன்.

கொங்கு கேமரா சார், எடிட்டர் சொன்னதுல எனக்கும் ஒப்புதல். ஆனா எது வாங்குனாலும் அது எடிட்டிங்குக்கு மட்டும்தான். பேக்கப்னு அதையே சொல்லாதீங்க, ஒரே ஒரு எடத்துல இருக்கறது பேக்கப் ஆகாது. பேக்கப்புக்கு சாதா ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு வீட்ல, ஒண்ணு மச்சான் வீட்லயோ ஸ்டூடியோவுலயோ. எஸ்எஸ்டிய பீரோவுல வருஷக்கணக்கா வைக்கறதுக்கு வாங்காதீங்க. ஜெடெக்குங்கற சிப் தர நிர்ணய அமைப்போட விதிப்படி வீட்டு உபயோக எஸ்எஸ்டி அதோட எழுதற ஆயுசு முடிஞ்ச நெலமைல கரண்ட் இல்லாம 30 டிகிரில ஒரு வருஷம் டேட்டாவ வச்சிருந்தா போதும். புது டிரைவ் அத விட ரொம்ப நாள் தாங்கும், ஆனா சூடு ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும், ஈரோட்டு சித்திரை வெயில்ல பூட்டின ரூம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, ஏ7 III ல ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்கு, ரெண்டுலயும் ஒரே நேரத்துல ரெக்கார்டு ஆகற மாதிரி செட்டிங் இருக்கு. போட்டுக்கறீங்களா?

கொங்கு கேமரா:
போட்டதில்லைங்க, ரெண்டாவது ஸ்லாட்ட மொதலாவது நெறஞ்சா அதுக்கு மாறற மாதிரி வெச்சிருந்தேன். இனி மாத்திக்கறேன். ஈவென்ட் வியூவர்ல 157 ஏழெட்டுத் தடவ இருக்குதுங்க. இப்ப கேபிள் வாங்கப் போறேன், மிச்சத்த அப்பறம் சொல்றேன்.

கொங்கு கேமரா (மூணு நாள் கழிச்சு):
கெடச்சிருச்சுங்க! உங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கற ஃப்ரெண்ட கூப்பிட்டுட்டு வந்து உக்காந்தோம், புதுக் கேபிள்ல நேரா மாட்டுனதும் டிரைவ் கட்டே ஆகல, 4டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு இமேஜ் எடுக்க மூணு மணி நேரம் ஆச்சு, ஒரு எரர் கூட வரல. அந்த இமேஜ் மேல ரெக்கவரி ஓட்டுனதுல போன மாசக் கல்யாணம் ஃபோல்டர் பேரோட அப்படியே வந்திருச்சு, பொண்ணோட அம்மாயி ஆசீர்வாதம் பண்ற கிளிப்ப மொதல்ல ஓட்டிப் பார்த்தேன், முழுசா இருக்குதுங்க. காப்பி ஆகிட்டிருந்த புதுக் கல்யாணத்துல கடைசிக் கிளிப் ஒண்ணுதான் பாதி, அது கார்டுலயே இருக்கு.

டி7 ஷீல்டு 2டிபி வாங்கிட்டேன், விலை ஏறிக் கெடக்குது, இருந்தாலும் பரவால்ல. என்டிஎஃப்எஸ்ல போட்டாச்சு. ஹார்ட் டிஸ்க் இன்னொண்ணு சொல்லி வெச்சிருக்கேன். டெராகாப்பிங்கற காப்பி சாஃப்ட்வேர்ல வெரிஃபை ஆன் பண்ணி ரெண்டு எடத்துல போட்டு, ரெண்டும் சரின்னு பச்சை காட்டுன அப்பறம்தான் கார்டை ஃபார்மேட் பண்றது, அது வரைக்கும் கார்டு மேல செவப்பு ஸ்டிக்கர், அசிஸ்டென்ட் பையன்கிட்டயும் சொல்லிட்டேன். பழைய 1டிபி என்ன பண்றதுங்க, தூக்கிப் போட மனசு வரல.

சர்வீஸ் டேபிள்:
ரொம்ப சந்தோஷம் சார். டெலிவரி குடுத்து முடியற வரைக்கும் பழசு அப்படியே இருக்கட்டும், ஃபார்மேட் பண்ணாதீங்க. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல ஹெல்த் பாருங்க, நல்லா இருந்தா ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுசா ஒரு தடவ எழுதி படிச்சுப் பாத்துட்டு எடிட்டிங் சாஃப்ட்வேரோட கேஷ் ஃபோல்டர அதுக்கு மாத்துங்க. கேஷ் போனா திரும்ப ரெண்டர் பண்ணிக்கலாம், கல்யாணத்த திரும்ப எடுக்க முடியாது. அந்த ஃபோன் கேபிள்ல ஒரு முடிச்சு போட்டு சார்ஜர் கூடவே வச்சுடுங்க, அவசரத்துல கை மறுபடி அதுக்குத்தான் போகும்.