வளாகத் தேர்வில் 98 சதவீதம் என்கிறார்களே, அதை நம்பலாமா?

கேள்வி (ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி):
என் மகள் இந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்கிறாள். மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். நாங்கள் பார்த்துவந்த இரண்டு தனியார் கல்லூரிகளிலும் 98 சதவீதம் பேருக்கு வளாகத் தேர்விலேயே வேலை கிடைத்துவிட்டதாகக் கூறுகிறார்கள். எங்கள் தெருவிலோ பொறியியல் முடித்துவிட்டு நிதி நிறுவனத்தின் வசூல் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதை நம்பி விருப்பப் பட்டியல் தயாரிப்பது?

பதில் 1 (முன்னாள் வேலைவாய்ப்பு அலுவலர்):
ஐயா, அந்த 98 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை பேருக்கு 98 என்பதைத்தான் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீத மதிப்பெண் கேட்கும். அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்றும் கூறும். இந்த வரம்புக்குள் வந்து பெயர் பதிவு செய்தவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் உண்டு. 600 பேர் சேர்ந்த கல்லூரியில் 300 பேர் தகுதி பெற்று, 294 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் அது 98 சதவீதம். சேர்ந்தவர்களைக் கொண்டு கணக்கிட்டால் 49 சதவீதம். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் மூன்று வேலைகள் என்று எழுதுவதும் நடக்கிறது.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகளின் இணையதளத்தில், அதற்காக அவர்கள் சமர்ப்பித்த விவரங்கள் இருக்கும். முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குச் சென்றவர்கள், இடைநிலை ஊதியம் (எல்லோருடைய ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) எல்லாம் ஒரே வரிசையில் தரப்பட்டிருக்கும். கல்லூரியே தந்த கணக்குதான் என்றாலும், நுழைவாயில் பலகையில் காணும் உச்ச ஊதியத்தைவிட அந்த இடைநிலை ஊதியம் பலமடங்கு பயனுள்ளது.

பதில் 2 (2022இல் பட்டம் பெற்றவர்):
வேலைக்கான கடிதம் கையில் இருப்பதும் வேலையில் சேர்வதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வகுப்புத் தோழர்கள் பலர் பணியில் சேரும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், வேறு வேலைக்கும் செல்ல முடியாமல் வீட்டிலேயே காத்திருந்தார்கள். கல்லூரியின் கணக்கில் அவர்கள் அனைவரும் வேலை பெற்றவர்களே. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று தேர்வு செய்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர விருப்பமா என்று கேட்டது செய்தித்தாள்களிலேயே வந்தது. அதிலும் சிடிசி (ஊழியர் ஒருவருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்று கூறும் தொகையில் நிறுவனம் செலுத்தும் பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு யாவும் அடங்கும் என்பதால், மாதந்தோறும் கைக்கு வருவது 12ஆல் வகுத்துக் கிடைக்கும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மெக்கானிக்கல் படித்தால் அத்துறையிலேயே வேலை கிடைக்குமா?

பதில் 3 (உதிரிபாகத் தொழிற்சாலைப் பொறியாளர், ஒரகடம்):
கிடைக்கும், ஆனால் வளாகத் தேர்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கல்லூரிக்கு வந்து மொத்தமாக ஆள் எடுப்பவை பெரும்பாலும் ஐடி சேவை நிறுவனங்கள். அவை எந்தப் பிரிவு மாணவரையும் மென்பொருள் பணிக்கே எடுக்கின்றன. எங்களைப் போன்ற தொழிற்சாலைகள் ஒரு கல்லூரியில் ஓரிருவரை எடுத்தாலே அதிகம். நேர்காணலில் நான் ஒரு பாகத்தின் வரைபடத்தைக் கொடுத்து, இந்தத் துளைக்கு இவ்வளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு) எதற்கு, இதை எந்தக் கருவியால் அளப்பீர்கள் என்று கேட்பேன். நல்ல மதிப்பெண் பெற்றவர்களிலும் பலர் அங்கேயே தடுமாறிவிடுகிறார்கள். ஆகவே பட்டறையில் மாணவர்களே இயந்திரத்தை இயக்குகிறார்களா என்று நேரில் பாருங்கள். பட்டம் பெற்றபின் மத்திய அரசின் நாட்ஸ் தளம் வழியாக ஓராண்டுத் தொழிற்பழகுநராகச் சேரும் வழியும் உண்டு. உதவித்தொகை குறைவுதான், ஆனாலும் அப்படி வந்த சிலரை நாங்களே நிரந்தரப் பணிக்கு எடுத்திருக்கிறோம். கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவுக்கு மட்டுமான பட்டியலை, நிறுவனத்தின் பெயரோடும் பணியின் பெயரோடும் கேளுங்கள். அதைத் தரத் தயங்கும் கல்லூரியை உங்கள் விருப்பப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.